டோரீனுக்குக் கேட்டது

மெல்போர்னிலிருந்து வெகுதூரம் மேற்கே, பாலைநிலத்துச் சுரங்க ஊரான லியனோராவுக்கு வடக்கே தங்கம் தேடிக் குளிர்காலத்தில் வந்து இறங்குகிறவர்களில் நெவிலின் காதைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. "மண்ணுக்கடியில அரிசி மணி அளவுத் தங்கம் தும்முனாக்கூட அந்தாளுக்குக் கேட்டுடும்யா" என்பான் பக்கத்து கேரவன்காரன் மெர்வ். அதில் பாதிக்கு மேல் உண்மை. டிடெக்டரின் ஹெட்போனில் ஓயாமல் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருக்கும். அடியில் உலோகம் இருந்தால் அந்த ரீங்காரம் கொஞ்சம் எழும்பும், அல்லது தாழும். தங்கம் சின்னதாகவோ ஆழத்திலோ கிடந்தால் அந்த அசைவு, தூங்குகிறவன் மூச்சு ஒருமுறை தடுமாறுகிற மாதிரி இருக்கும். மற்றவர்கள் காற்று என்று நினைத்துத் தாண்டிப் போகிற இடத்தில் நெவில் நின்றுவிடுவார். பூட்ஸ் நுனியால் சிவப்பு மண்ணில் ஒரு கீறல் போடுவார். திரும்பிப் பார்க்காமல் மேலே நடப்பார். பின்னால் கடப்பாரையும் கொத்தும் சுமந்து வருகிற அவர் மனைவி டோரீன் அந்தக் கீறலில் தோண்டுவாள்.

கல்யாணமான புதிதிலிருந்தே இதுதான் ஏற்பாடு. அவர் கேட்பார், அவள் தோண்டுவாள். தங்கத்தோடு எடுத்த படங்களில் எல்லாம் அவர் கைதான் இருக்கும்; படம் எடுத்தவள் அவள்.

ஆனால் போன இரண்டு குளிர்காலமாக வீட்டில் வேறு சில காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. கெட்டில் கொதித்து ஊளையிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நெவில் எழுந்திருக்கமாட்டார். ரேடியோவின் குமிழ் நாளுக்கு நாள் வலப்பக்கம் நகர்ந்தது. டோரீன் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். "காத்துல ஒண்ணும் விழல" என்பார். காற்றே இல்லாத நாளிலும் அதைத்தான் சொன்னார். கீறல்கள் குறைந்துகொண்டே வந்தன. "மண்ணு தீந்துபோச்சு, டோரீன். எல்லாப் பயலும் சுரண்டிட்டான்" என்றார். அவளும் அதை நம்பிக்கொண்டாள். நம்புவது சுலபமாக இருந்தது.

அந்த வருஷம், அங்கே குளிர் தொடங்குகிற ஜூன் மாதத்தில்தான் பிராங்கோ வந்தான்.

பிராங்கோ போல்டர் என்கிற ஊர்க்காரன். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவன். வேலையை விட்டுவிட்டு வீட்டுப் பின்கொட்டகையில் டிடெக்டர் காயில் சுற்ற ஆரம்பித்திருந்தான். டிடெக்டரின் பெட்டி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், தரைக்கு மேலே ஆட்டிக்கொண்டு போகிற அந்த வட்டமான காயில்தான் மண்ணுக்குள் பார்க்கிறது. பிராங்கோ உள்ளே செப்புக் கம்பியைத் தட்டையாக, புதுவிதமாகச் சுற்றியிருந்தான். பெரிய கம்பெனிக் காயிலைவிடக் கையளவு ஆழம் கூடப் போகும் என்று அவனுக்கு நம்பிக்கை. அதை அவன் சொன்னால் யார் கேட்பார்கள்? நெவில் சொல்ல வேண்டும்.

"ஒரே ஒரு நாள் தூக்கிட்டு நடந்து பாருங்க, நெவில். நீங்க நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு வேற விளம்பரமே வேண்டாம்."

"நல்லா இல்லேன்னா?"

"அதையும் சொல்லிடுங்க."

"சொல்லத்தான் போறேன். வாய்ல தேனைத் தடவிக்கிட்டுப் பேசுற பழக்கம் எனக்குக் கிடையாதுடா தம்பி."

மெர்வ் அந்தக் காயிலை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "இதுல முட்டை பொரிக்கலாமா பிராங்கோ? ஒட்டாதுல்ல?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பிராங்கோவும் சிரித்தான், ஆனால் காயிலைத் திரும்ப வாங்கிச் சட்டையால் துடைத்த விதத்தில், பிள்ளையைப் பிறர் கையிலிருந்து வாங்குகிறவனின் பதற்றம் இருந்தது.

நெவில் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது ஞாயிறு மேடு. முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே கட்டை விரல் பருமனுக்கு ஒன்று எடுத்ததிலிருந்து அந்தப் பெயர். முல்கா மரங்களுக்கு நடுவே சரிந்து இறங்கும் இரும்புக்கல் மேடு. அதை வருஷா வருஷம் தடவித் தடவி ஒன்றும் மிச்சமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். "அங்க இது பாடுச்சுன்னா நான் தொப்பியக் கழட்டுறேன்" என்றார்.

மேட்டுக்குப் போனதும் பிராங்கோ தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வில்லையை எடுத்தான். அதில் பயறு அளவு தங்கம் ஒட்டியிருந்தது. "இதைப் புதைச்சு முதல்ல ஆழம் பாத்துடலாம்" என்றான்.

"புதைச்ச தங்கம் வேற, கிடந்த தங்கம் வேற. இந்த வித்தையெல்லாம் கடையில காட்டு" என்று நெவில் தட்டிவிட்டார். "அப்புறம், நீ போட்டிருக்கிறது இரும்பு மூக்கு வெச்ச சுரங்க பூட்ஸ். பக்கத்துல வந்தா கோயில் மணியாட்டம் அடிக்கும். வண்டிகிட்டப் போய் நில்லு."

அவன் போய் நின்றான். கைகளைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவன்போல இருந்தான்.

நெவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சரிவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். டோரீன் வழக்கம்போல இரண்டு எட்டுப் பின்னால். ஈக்கள் முகவலையில் மொய்த்தன. காற்று இல்லை. காலைக் குளிரில் எல்லாம் அப்படியே நின்றிருந்தது. அந்த அமைதியில்தான் அவள் கவனித்தாள்: ஹெட்போனின் ரீங்காரம் அவளுக்கே கேட்கிறது. அவர் சத்தத்தை அவ்வளவு ஏற்றி வைத்திருந்தார். காதை இறுக மூடிய உறையைத் தாண்டி அது வெளியே கசிந்துகொண்டிருந்தது.

சாய்ந்த முல்கா மரத்துக்குக் கீழே அந்த ரீங்காரம் தாழ்ந்து, மெல்ல எழும்பியது.

டோரீன் நின்றுவிட்டாள். கொத்தைத் தோளிலிருந்து இறக்கினாள். நெவில் நிற்கவில்லை. காயிலை ஆட்டியபடி நடந்துகொண்டே இருந்தார். கீறல் இல்லை.

சரிவின் கீழ்ப்பக்கம், வெள்ளைக்கல் சிதறிக் கிடக்கும் இடத்தில் இன்னொரு முறை. இந்த முறை தெளிவாகவே. தாழ்ந்து எழும்பியது. எத்தனையோ முறை அவர் அவளுக்கு ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்து, "கேளு, இதுதான் ஆழத்துல கிடக்குறவன் குரல்" என்று சொல்லிக்கொடுத்த அதே அசைவு. நெவில் அதையும் தாண்டி நடந்தார்.

கூப்பிட வாய் எடுத்தாள். வண்டி அருகில் பிராங்கோ நின்றுகொண்டிருந்தான். ஆண்கள் முன்னால் நெவிலைத் திருத்துவது என்பது அவள் செய்தறியாத காரியம். சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். தப்பித்துக்கொள்ள எத்தனையோ சாக்குகள் இருக்கும்போது மனசு கைக்குக் கிட்டினதை எடுத்துக்கொள்கிறது.

வெயில் ஏறியதும் நெவில் திரும்பினார். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். பிராங்கோவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு காயிலைப் பார்த்தார்.

"செத்த காயில்டா தம்பி."

"ஒண்ணுமேயா இல்ல?"

"மூச்சு விடல."

"சத்தத்தை எவ்வளவுல வெச்சிருந்தீங்க? மண்ணுல இருக்குற இரும்போட சேட்டையக் கழிச்சு—"

"எனக்கு நீ சொல்லித்தரியா?" என்று நெவில் குரலை உயர்த்தினார். "நீ ட்ரவுசர் போடாத காலத்துலேருந்து இந்த மண்ணைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"நான் ஒருதரம் நடந்து பாக்கட்டுமா? பூட்ஸைக் கழட்டிடுறேன்."

"உன் பிள்ளை பாட்டு உனக்கு நல்லாத்தான் கேக்கும். அதுக்கு என்னை எதுக்குடா கூப்பிட்டே?"

பிராங்கோ தலையை ஆட்டிக்கொண்டான். நெவில் வண்டியில் ஏறப் போனதும் அவன் டோரீன் பக்கம் வந்தான். கொத்தை வாங்கி வண்டிக்குள் வைத்தான். தாழ்ந்த குரலில் கேட்டான்:

"டோரீன், நீங்க பின்னாலேயே நடந்தீங்களே. ஒரு தடவை நின்னீங்க. உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

நேராகக் கேட்டான். கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

"நான் தோண்டுறவ, பிராங்கோ" என்றாள் டோரீன். "கேக்குறவர் அவர்."

அவன் போகும்போது காயிலை எடுத்துப்போகவில்லை. "கிடக்கட்டும்" என்று கேரவன் படிக்கட்டில் சாய்த்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் தீயைச் சுற்றி உட்கார்ந்தபோது மெர்வ் கேட்டான், நெவில் சொன்னார். "வாணலி மூடியத் தூக்கிட்டு நடந்திருந்தாலும் கொஞ்சம் கேட்டிருக்கும்." அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்குக் கால் முளைத்தது. மறுநாளே தேடுகிறவர்களின் இணையக் குழுவில் மெர்வ் அதை எழுதினான். காயிலுக்குப் 'பிராங்கோ மூடி' என்று பெயர் விழுந்தது. வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து, தனியாகச் சொல்ல நினைத்ததை டோரீன் இன்னும் சொல்லாமலே இருந்தபோது, நெவில் தண்ணீரும் டீசலும் பிடிக்க ஊருக்குப் போனார். டோரீன் பிராங்கோவின் காயிலை டிடெக்டரில் மாட்டிக்கொண்டு தனியாக ஞாயிறு மேட்டுக்கு நடந்தாள்.

முல்கா மரத்தடியில் அதே ரீங்காரம் அதே மாதிரி தாழ்ந்து எழும்பியது. தோண்டினாள். முழங்கை ஆழத்தில் துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். உடம்பே லேசானது. குப்பை என்று தெரிந்துதான் மனுஷன் தாண்டிப் போயிருக்கிறார்! அவர் காதா தோற்கும்? நான் ஒரு பைத்தியக்காரி, எதையோ நினைத்து இரண்டு நாளாகத் தூக்கம் கெட்டுக்கிடந்தேன்.

அப்படியே திரும்பியிருக்கலாம். வந்த வேலையை முடித்துவிடுவோம் என்று வெள்ளைக்கல் சரிவுக்கும் போனாள்.

அங்கே மண் கான்கிரீட் மாதிரி இருந்தது. இடுப்பு வலிக்க வலிக்கக் கொத்தினாள். கொத்தின் முனையிலிருந்த காந்தத்தைக் குழியில் விட்டுப் பார்த்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. இரும்பில்லை. மேலும் தோண்டினாள். குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவியபோது, மண்கட்டி ஒன்று கைக்குக் கனமாக வந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். மஞ்சள்.

கோழி முட்டையைப் பாதியாக வெட்டினாற்போல இருந்தது. பக்கத்திலேயே அவரை விதை அளவில் இன்னும் இரண்டு. அவ்வளவு தங்கம் அவள் வாழ்நாளில் தானே எடுத்ததில்லை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. குழியை மூடி மண்ணைத் தட்டி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

நெவில் தண்ணீர்க் குடங்களை இறக்கி முடித்ததும் தேநீர்க் கோப்பையின் பக்கத்தில் அந்த அரை முட்டையை மட்டும் வைத்தாள்.

"எங்க?" என்றார்.

"ஞாயிறு மேடு. பிராங்கோ காயில்."

அவர் தங்கத்தைத் தொடவில்லை.

"உனக்குக் கேக்கல" என்றாள் டோரீன். கேட்கும்படியாகச் சத்தமாகச் சொன்னாள். "எத்தனை நாளா?"

"மெதுவாப் பேசு. மெர்வ் இருக்கான்."

"எத்தனை நாளா, நெவில்?"

"ரெண்டு குளிர்காலம்" என்றார் அவர். "பெரிசா அடிச்சாக் கேக்கும். நுணுக்கமெல்லாம் போயிடுச்சு."

"அப்போ அன்னிக்கு உனக்கே தெரியும். காயில்ல குத்தமான்னு உன்னால சொல்ல முடியாதுன்னு தெரியும்."

"வேற என்ன சொல்லச் சொல்றே? அந்தப் பய மூஞ்சியப் பாத்து, எனக்குக் காது செவிடாயிடுச்சு, நீ வேற ஆளப் பாருன்னா?"

"ஆமா. அதைத்தான்."

"அப்புறம் நான் யாரு?" என்றார் நெவில். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். "சொல்லு. இந்தக் காதை எடுத்துட்டா நான் யாரு? தொப்பி போட்ட ஒரு கிழவன்."

அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம்தான் அவளைக் கெடுத்தது. "பிராங்கோவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம், அவன்கிட்ட மட்டும் சொல்லு" என்றாள். "சொல்றேன்" என்றார். மறுநாள் மேட்டில் ஏறியும் டவர் கிடைக்கவில்லை என்றார். அதற்கு மறுநாள் அவன் எடுக்கவில்லை என்றார். சனிக்கிழமை ஊருக்குப் போய் அங்கிருந்து பேசுகிறேன் என்றார். டோரீன் ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள்.

சனிக்கிழமை அவர் ஊருக்குப் போகவில்லை. சாயங்காலம் தீ மூட்டியிருந்தது. மெர்வ் இரும்புச் சட்டியில் ஆட்டுக்கறி வேகவைத்திருந்தான். டோரீன் சாம்பலில் சுட்ட ரொட்டியோடு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று ஒன்றைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். நெவிலின் உள்ளங்கையில் அந்த அரை முட்டை.

"ஞாயிறு மேட்டுலயா? அங்கதான் ஒண்ணுமில்லேன்னியே!" என்றான் மெர்வ்.

"மண்ணுக்கு யோகம் மாறும்" என்றார் நெவில். "பழைய காயில்தான். மெல்ல, ரொம்ப மெல்ல ஒரு முனகல்."

"அடப்பாவி, அந்தக் காதை எனக்கு எழுதி வெச்சுட்டுச் சாவுய்யா!"

டோரீன் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"எடுத்தது நான்" என்றாள். "பிராங்கோவோட காயில்ல. அன்னிக்கு அவன் நிக்கும்போதே அது கத்துச்சு. நெவிலுக்குக் கேக்கல. அவருக்கு ரெண்டு வருஷமாவே காது கேக்கல."

மெர்வ் தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தான். "வாணலி மூடியிலயா! நெவில், வீட்டுல ஏதோ தகராறுபோல. ராத்திரி வண்டிக்கு அடியிலதான் படுக்கை!" எல்லோரும் சிரித்தார்கள். நெவில்கூட அவர்களோடு சேர்ந்து சிரித்தார். "எந்தப் புருஷன்டா பொண்டாட்டி பேசுறதக் கேக்குறான்?" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

இத்தனை வருஷமாக வாய் திறக்காதவள் திறந்தபோது அது வேடிக்கையாகிவிட்டது. அவள் மறுபடி சொன்னாள். "சரி சரி, உக்காரு டோரீன், கறி ஆறுது" என்று யாரோ தட்டை நீட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நெவில் "எங்க?" என்று கேட்டார். பதில் சொன்னாள், அவர் அது காதில் விழாத மாதிரி இருந்தார். விழவில்லையோ என்னவோ.

போல்டரில் பிராங்கோவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பின்கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். சுவரில் காயில் அச்சுகள் தொங்கிய இடங்களில் வட்ட வட்டமாகப் புழுதி படாத தடங்கள் இருந்தன. கம்பி சுற்றும் இயந்திரம் இருந்த இடத்தில் நான்கு திருகுத் துளைகள்.

டோரீன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. இரண்டு அவரை விதைகளையும் எடுத்து நீட்டினாள். "இது உன்னோடது. பெரிசை அவர்கிட்டேருந்து வாங்கி அனுப்புறேன்."

அவன் துடைப்பத்தின் மேல் கையை ஊன்றி நின்றான். தங்கத்தைப் பார்த்தான்; ஆழம் எவ்வளவு என்று கேட்டான். தோள்வரை என்றாள். அவன் கண் ஒரு நொடி ஒளிர்ந்தது. உடனே அணைந்தது.

"வேலை செய்யும்னு எனக்குத் தெரியும்" என்றான். "நெவில் பொய் சொல்லுவார்னு எனக்குத் தோணவே இல்ல. அவருக்கே கேக்கலேன்னா என் கணக்குதான் தப்புன்னு நெனச்சேன். ராத்திரி முழுக்க இங்க இருந்த இன்னொரு காயிலைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன். தப்பே இல்ல. தப்பே இல்லாததுல தப்பைத் தேடுறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் எல்லார்கிட்டயும் வந்து சொல்றேன், பிராங்கோ. எழுதியும் போடுறேன்."

"சொன்னீங்கல்ல நேத்து? என்ன ஆச்சு?" என்றான். "விடுங்க. அச்சு, வரைபடம், எல்லாத்தையும் மெல்போர்ன்காரன் ஒருத்தன் வியாழக்கிழமை வந்து தூக்கிட்டுப் போயிட்டான். கிடைச்ச விலைக்குக் கொடுத்தேன். நாளைக்கு நான் வடக்கே இரும்புச் சுரங்கத்துக்குப் போறேன்."

வியாழக்கிழமை. நெவில் டவர் இல்லை என்று சொன்ன நாள்.

"அவரை விடுங்க. அவருக்கு மானம் போற பயம்" என்றான் பிராங்கோ. "நான் உங்ககிட்டயும் கேட்டேன், டோரீன். உங்களுக்கு என்ன போயிருக்கும்?"

அவன் தங்கத்தை வாங்கவில்லை. அவள் வெளியே வந்ததும் மறுபடி பெருக்கத் தொடங்கினான்.

அடுத்த குளிர்காலத்தில் அந்தக் காயில் கடைகளுக்கு வந்துவிட்டது. வேறு நிறம், வேறு பெயர், பளபளப்பான அட்டைப்பெட்டி. மெர்வ்தான் முதலில் வாங்கினான். "இதுக்கு முன்னாடி நாமெல்லாம் குருடனாட்டம் திரிஞ்சிருக்கோம்யா" என்று கேரவன் கேரவனாகப் போய்ச் சொன்னான். டோரீன் அவனிடம் இது யார் சுற்றியது என்று சொன்னாள். "அப்படியா? பாவம், நல்ல பயதான்" என்று சொல்லிவிட்டு அவன் பேட்டரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நெவிலும் ஒன்று வாங்கினார். காதுக்கு ஒரு கருவியும் வாங்கி, தொப்பியை இறக்கிவிட்டு மறைத்துக்கொண்டார். அந்த அரை முட்டையைக் கொடுக்கும்படி அவள் பலமுறை கேட்டும் அது எங்கே போனது என்று அவர் சொல்லவில்லை.

டோரீன் இப்போது அவர் பின்னால் நடப்பதில்லை. படிக்கட்டில் பிராங்கோ சாய்த்துவிட்டுப் போன அதே காயிலை ஒரு பழைய டிடெக்டரில் மாட்டிக்கொண்டு வேறு மேட்டுக்குப் போகிறாள். தானே கேட்டு, தானே தோண்டுகிறாள். சாப்பாடு மட்டும் ஒரே மேஜையில்.

புதுக் காயில் வந்த வாரத்தில் அவள் பிராங்கோவுக்குப் போன் செய்தாள். நான்கைந்து தடவைக்குப் பிறகு எடுத்தான். பின்னால் லாரிகளின் இரைச்சல். அவள் செய்தியைச் சொன்னாள். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"எவ்வளவு ஆழம் போகுதாம்?" என்றான்.

"நீ சொன்ன ஆழம்."

"நல்ல காயில்தானே?"

"நல்ல காயில், பிராங்கோ."

"சரி, ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் அழைத்தால் அவன் எடுப்பதில்லை.